உண்டா என்னும் வினா: கணனிச் சாதனக் காவலின் வரலாறு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் வேகத்தின் வரலாற்றையே எழுதி அமைந்தனர். அதன் காவலின் வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. கணனியோடு இணைந்த சாதனம் ஒன்று தனக்குரியதல்லாத நினைவகத்துட் புகாதவாறு தடுக்கும் வன்பொருள் உண்டா என, பணிசெயல் முறைமையின் கருப்பகுதியாகிய கேர்னல் வினவி அறிதல் வேண்டும். அவ்வினா யாரை நோக்கி எழுப்பப்பட்டது என்பதே விடையின் மெய்ம்மையைத் தீர்மானித்தது என்பது எமது கருத்து.

வட்டும் வலையமைப்பு அட்டையும் மத்திய முறைவழி அலகின் துணையின்றியே நினைவகத்தில் நேரே எழுதவும் வாசிக்கவும் வல்லன. ஒவ்வோர் எண்ணையும் அவ்வலகே சுமப்பதாயின் அதற்கு வேறு வேலை பார்க்க நேரம் கிடையாது. ஆயின், பழுதுற்ற சாதனமோ தீய நோக்குடன் ஆக்கப்பட்ட சாதனமோ கேர்னலின் மீதே எழுதிவிடுதலும் இவ்வழியால் இயலும்.

இவ்விடர் முன்னோர் அறியாததன்று. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையில், நினைவகப் பகுதிகளுக்கு இடப்பட்ட காப்புச் சாவி நிரல்களை மட்டுமன்றிச் சாதனங்களுக்காக இயங்கிய ‘சனல்’ என்னும் பொறிகளையும் கட்டுப்படுத்திற்று. 1981இல் அதே நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணனியில் இக்காவல் இல்லை. 1985இல் வந்த இன்ரெல் 80386 நிரலை நிரலினின்றும் பிரித்தது, சாதனத்தையோ தடுக்கவில்லை. அறைதோறும் பூட்டிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்ட வீடு போன்றது அந்நிலை. 2004இல் மக்சிமிலியன் டோர்ன்சைப் என்பார், பயர்வயர் வடத்தால் இணைத்த ஐபொட் இசைக்கருவி ஒன்றைக் கொண்டே கணனியின் நினைவகத்தை வாசித்தும் மாற்றியும் காட்டினார்.

2006இல் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் உள்ளீட்டு வெளியீட்டு நினைவக முகாமை அலகுக்கான விவரக்குறிப்புகளை வெளியிட்டன. சாதனம் கூறும் முகவரியை அட்டவணையோடு ஒப்பிட்டு, அனுமதி இருப்பின் மட்டும் வழிவிடுவது இவ்வலகு. அவ்வாண்டு இன்ரெல் ஆய்வேட்டில் இதனை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர் நிரலில், முத்தரசநல்லூர் என்னும் திருச்சிக்கு அண்மைய காவிரிக்கரை ஊர்ப்பெயர் ஒருவர் பெயரோடு சேர்ந்து நிற்பதைத் தமிழ் வாசகர் கண்டு மகிழலாம். 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 இன்ரெலின் அலகையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த 2.6.27 ஏ.எம்.டி.யின் அலகையும் கையாளத் தொடங்கின.

இங்கேதான் வினா பிறந்தது. இன்ரெல் அலகின் இருப்பைக் கேர்னல் தானே கண்டறிவதில்லை. பயோஸ் தரும் அட்டவணையை நம்பியே அறிகின்றது. அவ்வட்டவணை பிழையாக அமைந்த கணனிகள் பலவாயிருந்தமையின், பயோஸ் பழுதுற்றது என வெளிப்படையாகவே குறைகூறும் செய்தி கேர்னலினுள் எழுதப்பட்டது. வெள்ளவத்தையில் வாங்கிய பழைய கணனி ஒன்றில் யானும் இதனைச் சோதித்தேன். விவரக்குறிப்பு ‘உண்டு’ என்றது. கேர்னலின் தொடக்கப் பதிவேட்டில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. சாதனக் குழுக்களைக் காட்டும் அடைவும் வெறுமையாக இருந்தது. பயோஸ் பட்டியலில் அவ்வசதி அணைக்கப்பட்டிருந்தமையைக் காண ஒரு மாலைப்பொழுது சென்றது. சில்லில் இருத்தல் வேறு, இயங்குதல் வேறு.

தொடக்கத்தில் கேர்னல் வினவியது ‘அலகு காணப்பட்டதா’ என்பதே. விடை முழுக் கணனிக்கும் ஒன்று. 2011இல் அவ்வினா பாட்டை ஒவ்வொன்றையும் நோக்கியதாயிற்று. 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.6 ‘குழு’ என்னும் கருத்தைக் கொணர்ந்தது. கொட்டாஞ்சேனையின் பழைய தோட்டக் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு முற்றம் ஒன்றே. வாயிலில் எத்துணைக் காவல் இருப்பினும் முற்றத்தின் வழியே ஒரு வீட்டார் மறுவீட்டுக்குச் செல்வதை அக்காவல் அறியாது. சாதனங்களும் அத்தகையன. ஒரே இணைப்புப் பாலத்தின் பின்னுள்ளவை முகாமை அலகை அணுகாமலே தம்முட் பேசிக்கொள்ளக் கூடுமாயின் அவை ஒரு குழுவாகவே கொள்ளப்படும். அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்து ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு வழங்குதல் ஆகாது.

இதனினும் நுட்பமானது குறுக்கீடு பற்றிய சிக்கல். இக்காலச் சாதனங்கள் குறிப்பிட்ட முகவரி ஒன்றில் எழுதுவதன் மூலமே குறுக்கீட்டை எழுப்புகின்றன. இன்ரெல் கணனிகளில் அம்முகவரிப் பரப்பு மேற்கூறிய அட்டவணைக்கு உட்படாது. அவ்வழியே போலிக் குறுக்கீடுகளை அனுப்பிக் காவலை மீறலாம் என 2011இல் ரபால் வொய்ச்சுக், ஜொஆனா ருட்கொவ்ஸ்கா ஆகிய போலந்து ஆய்வாளர் இருவர் காட்டினர். குறுக்கீட்டையும் வடிகட்டும் வசதி உண்டா என்பது அதன்பின் தனி வினாவாயிற்று.

ஆனால் அவ்வினா செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லவில்லை. ஏ.ஆர்.எம். வகைக் கணனிகளில் இக்காவல் முகாமை அலகின் பணியன்று. குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் பணி. எனினும் கேர்னல் முகாமை அலகையே வினவிற்று. அதன் செலுத்தியும் ‘உண்டு’ எனத் தனக்குரியதல்லாத விடையை அளித்து வந்தது. 2017இல் இது திருத்தப்பட்டபோதும் வினா முழுக் கணனியையும் பொதுவாக நோக்கியதாகவே அமைந்தது. 2022இல் அலகின் திறன்பற்றிய வினா பாட்டையை விடுத்துத் தனிச் சாதனத்தை நோக்கித் திரும்பிற்று. 2023இல் வெளிவந்த லினக்ஸ் 6.3 முதல், குறுக்கீட்டுக் காவல் பற்றிய வினாவும் அச்சாதனம் சார்ந்த குழுவை நோக்கியே எழுப்பப்படுகின்றது.

விடை ‘இல்லை’ எனின், அச்சாதனத்தை மெய்நிகர் இயந்திரத்துக்கு வழங்கக் கேர்னல் மறுத்துவிடும். மறுப்பை மீற விரும்புவோர்க்கும் ஒரு வழி விடப்பட்டுள்ளது. அதற்குரிய தெரிவின் பெயரிலேயே ‘பாதுகாப்பற்ற’ என்னும் சொல் அமைந்திருக்கிறது. அதனைத் தம் கையாலேயே எழுதி இயக்குதல் வேண்டும்.