புட்டி (ஓவியத் தொடர்)

புட்டி (தி பாட்டில்) என்பது ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் குரூக்சாங்க் 1847 ஆம் ஆண்டில் வெளியிட்ட, எட்டு அச்சுப்படங்களைக் கொண்ட தொடர் ஆகும். தொழிலாளர் குடும்பமொன்று மதுவால் அழிவதை இது படிப்படியாகச் சித்தரிக்கிறது.

கதை
முதற் படத்தில் கணவன், வசதியான தன் வீட்டில், மனைவியைச் சிறிதளவு மது அருந்துமாறு தூண்டுகிறான். பின்னர் வேலை பறிபோகிறது. கடனுக்காக வீட்டுப் பொருட்கள் கைப்பற்றப்படுகின்றன. குடும்பம் தெருவில் இரந்து நிற்கிறது. இளைய குழந்தை இறக்கிறது. ஏழாம் படத்தில் அவன் புட்டியாலேயே மனைவியைக் கொல்கிறான். இறுதிப் படத்தில் அவன் மனநோயாளியாக அடைபட்டுள்ளான். மகனும் மகளும் தீய வழியில் சென்றுவிட்டனர்.

அச்சும் விலையும்
மெழுகுப் பூச்சில் கீறி வரைந்ததை மின்பகுப்பு முறையில் உலோக அச்சாக்கும் கிளிஃபோகிராஃபி முறை இதற்குப் பயன்பட்டது. இம்முறை மலிவானதாகையால் தொடர் முழுவதும் ஒரு சில்லிங்குக்கு விற்கப்பட்டது.

தாக்கமும் விமர்சனமும்
இத்தொடர் பெரும் வரவேற்பைப் பெற்று, அதே ஆண்டில் நாடகமாகவும் மேடையேறியது. அதுவரை மது அருந்திவந்த குரூக்சாங்க், இதன்பின் முழு மதுவிலக்கைக் கடைப்பிடித்து, 1878 இல் இறக்கும்வரை அதற்காகப் பரப்புரை செய்தார். படங்களின் ஆற்றலைப் பாராட்டிய எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸ், குடிப்பழக்கம் துயரம், வறுமை, அறியாமை ஆகியவற்றிலிருந்து தொடங்குவதாகக் காட்டியிருக்க வேண்டும் எனக் கருதினார். இதன் தொடர்ச்சியாகக் குடிகாரனின் பிள்ளைகள் என்னும் தொடர் 1848 இல் வெளிவந்தது.