பங்கீட்டு அட்டையும் திறந்த அங்காடியும்

தியாகராய நகரில் உஸ்மான் சாலையும் பஸ்லுல்லா சாலையும் முஸ்லிம் பெரியார் இருவரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அந்தப் பஸ்லுல்லா சாலையில்தான் மூதறிஞர் இராஜாஜி அவர்கள் வாழ்ந்தார்கள். இன்று துணியும் நகையும் வாங்க அப்பகுதிக்கு வருவோர் ஆயிரமாயிரம். இதே நகரில் ஒரு காலத்தில் ஒரு படி அரிசியைக்கூட விருப்பம்போல் வாங்க இயலாதிருந்ததை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மறு ஆண்டு வங்கப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் குடித்தது. சென்னையிலும் பங்கீடு வந்தது. உண்பவருக்கு அவுன்ஸ் கணக்கில் அரிசி. உழவரிடம் கட்டாயக் கொள்முதல். நெல்லை வெளியே கொண்டுசெல்லத் தடை. பசிக்கு அஞ்சி இட்ட இக்கட்டு, இடையே சிறிது தளர்ந்தாலும், போர் முடிந்த பின்னும் நீடித்தது. அதன் நிழலிலேயே கள்ளச் சந்தையும் வளர்ந்தது.

1952 ஏப்ரலில் முதலமைச்சரான இராஜாஜி, ஜூன் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மழை பொய்த்திருந்த காலம், அஞ்சியவர் பலர். ஆயினும் பதுங்கிக் கிடந்த நெல் அங்காடிக்கு வந்தது. மத்திய உணவமைச்சர் ரஃபி அஹ்மத் கித்வாய் துணை நின்றார். அடுத்து வந்த நல்ல விளைச்சலும் கைகொடுத்தது.

மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்குமாறு தோழர்கள் வேண்ட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசையவில்லை. எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை. ஆனால் பதுக்கலைக் கண்டித்தார்கள். சரக்கு சந்தையை அடையுமுன் வழிமறித்து வாங்குவதைத் தடுத்தார்கள். கி.பி. 1328-இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா, வணிகர் மக்களின் தேவையைப் பயன்படுத்தி அநீதி செய்தால் நியாய விலை விதிப்பது ஆட்சியாளரின் கடமை என விளக்கினார்.

இவ்வளவுகோலைக் கொண்டே நாம் நம் வரலாற்றையும் நோக்குகிறோம். 1952-இல் நெல் ஒளிந்திருந்தது. கட்டை அவிழ்த்ததும் வெளிப்பட்டது. அறுபதுகளின் நடுவில் நெல்லே அருகியபோது, சுதந்திரச் சந்தையால் மட்டும் ஏழையின் உலை கொதிக்கவில்லை. 1965-இல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. 1967 தேர்தலில், 'பர்மிட், லைசென்ஸ், கோட்டா' ஆட்சியைச் சாடிய இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவோம் என்ற தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தது! இன்று திறந்த அங்காடியும் ரேஷன் கடையும் நம் தெருக்களில் அருகருகே நிற்கின்றன.

கட்டுப்பாடா, சுதந்திரமா என்பதன்று வினா. அநீதி எக்கையிலிருந்து வருகிறது? அதிகாரியின் பேனாவிலிருந்தா, வணிகரின் பூட்டிய கிடங்கிலிருந்தா? அதை அறிந்து தடுப்பதே ஆட்சி.