கடற்பாசிப் பெப்டைடுகள்

கடற்பாசியின் புரதத்தை நொதிகளால் சிதைக்கும்போது கிடைக்கும் சிறு அமினோ அமிலத் தொடர்களே கடற்பாசிப் பெப்டைடுகள். இவற்றுள் சில ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் திறன் கொண்டவை. ஜப்பானியர் உண்ணும் வாக்காமே, நோரி ஆகிய பாசிகளின் பெப்டைடுகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன.

செயல்படும் விதம்

சிறுநீரகம் சுரக்கும் ரெனின் நொதியால் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் 1 உருவாகிறது. இதன் நுனியிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை ஏசிஇ என்ற நொதி வெட்டி, ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. இது ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும். கடற்பாசிப் பெப்டைடுகள் பெரும்பாலும் ஏசிஇ-யின் வெட்டும் இடத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கின்றன.

வரலாறு

ஏசிஇ-யை 1956-இல் அமெரிக்காவின் லியோனார்டு ஸ்கெக்ஸ் குழுவினர் இனங்கண்டனர். 1965-இல் பிரேசிலின் செர்ஜியோ ஃபெரேரா, ஜரராக்கா விரியனின் நஞ்சில், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிராடிகைனினின் விளைவைப் பெருக்கும் பொருளைக் கண்டறிந்தார். அதிலிருந்த பெப்டைடுகள் ஏசிஇ-யைத் தடுப்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த வழியில் உருவான கேப்டோபிரில் என்ற ரத்த அழுத்த மாத்திரைக்கு 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

உணவுப் புரதத்திலும் இத்தகைய பெப்டைடுகள் இருப்பதை 1979-இல் ஜெலட்டினைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். தேடல் கடலுக்கும் நீண்டது. ஆய்வாளர்கள் சுவெட்சுனா, நகானோ இருவரும் வாக்காமேயைப் பெப்சினால் செரிக்கவைத்து, நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து 2000-இல் வெளியிட்டனர். மரபுவழியாக உயர் ரத்த அழுத்தம் தானே உண்டாகும் எலிகளுக்கு அவற்றை ஒருமுறை வாய்வழி கொடுத்ததும் அழுத்தம் இறங்கியது. 2002-இல் வேறொரு குழு வாக்காமேயில் இரண்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஏழு பெப்டைடுகளை அடையாளம் கண்டது. ஏழும் டைரோசின் அல்லது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தில் முடிபவை. நோரியிலிருந்து ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு கிடைத்தது. அயர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் டல்ஸ் என்ற சிவப்புப் பாசியில் ரெனினைத் தடுக்கும் பெப்டைடைக் கண்டறிந்தனர்.

இன்றைய நிலை

நோரி, வாக்காமே பெப்டைடுகள் சேர்ந்த சில உணவுகள் ஜப்பானில் நலப்பயன் உணவுகளாக அங்கீகாரம் பெற்றுள்ளன. ஆனால் சான்றுகளில் பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் எலிகளிலும் கிடைத்தவை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, அளவிலும் சிறியவை. நீளமான பெப்டைடுகள் குடலிலேயே துண்டாகிவிடலாம். இரண்டு, மூன்று அமினோ அமிலங்கள் கொண்டவை முழுதாக உறிஞ்சப்படும் வாய்ப்பு அதிகம். பாசியை அப்படியே உண்பது இந்தப் பெப்டைடுகளை உட்கொள்வதற்கு ஈடாகாது. அயோடினும் உப்பும் உடன் சேரும். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இவற்றை நம்பக் கூடாது. கர்ப்பிணிகளும், ஏற்கெனவே ஏசிஇ தடுப்பு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது.