கடைசற் பொறியின் வரலாறு: வாரும் வேகமும்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவமைக்குந் தொழிலுக்குக் கடைசல் என்பது பெயர். தச்சுத் தொழிலின் கிளைகளுள் இஃது ஒன்று. தொட்டிற் கம்பு, கட்டிற்கால், பூரிக்கட்டை, பம்பரம், மாடிப்படிக் கைப்பிடித் தூண் எனக் குழந்தை முதல் முதியோர் ஈறாக யாவர் கையும் படும் பொருள்கள் பல இத்தொழிலால் ஆயவை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய இடங்களில் பட்டறை நடத்திவரும் நம் சங்கத்து இளைஞர் சிலர், பழைய லேத்தை நீக்கிப் புதியது வாங்கக் கருதி, “பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றுவது போதுமா, குமிழைத் திருகி வேகம் மாற்றுவது வேண்டுமா?” என வினவுகின்றனர். கடன்பட்டு வாங்குவோரும் இவருள் உளர். ஆதலின் இவ்வினாவைத் தொழிலின் வரலாற்றோடு சேர்த்து ஆராய்தல் நலமெனக் கொண்டு இக்கட்டுரை எழுதலாயிற்று.

முதற்கண் சொல்லை நோக்குவோம். மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். மூன்று வினைக்கும் ஒரே சொல் வழங்குவதன் காரணம் யாது? மத்தின் தண்டிற் கயிற்றைச் சுற்றி அதன் இரு தலைப்பையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பண்டைக் கடைசற் பொறியும் இவ்வாறே இயங்கிற்று. மரத்துண்டை இரு முனைகளுக்கிடையே பொருத்தி, அதன்மேற் கயிற்றையோ வில்லின் நாணையோ சுற்றி இழுத்தனர். எகிப்து நாட்டிலே பெட்டோசிரிஸ் என்பாரது கல்லறையில், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்துச் சிற்பமொன்றில், ஒருவர் கயிறிழுக்க மற்றொருவர் கடையுங் காட்சி காணப்படுகின்றது. தமிழர் இவ்வுண்மையைத் தம் வினைச்சொல்லிலேயே பொதிந்து வைத்துள்ளனர்.

இம்முறையில் ஒரு குறையுண்டு. மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும். எதிர்ப்பக்கம் சுழலும்போது உளியை விலக்கிக் காத்திருத்தல் வேண்டும். பொழுதிற் பாதி வீணாயிற்று. அன்றியும், பெரிய பொருள் கடைய ஒருவர் இழுக்க, ஒருவர் உளி பிடிக்க வேண்டியிருந்தது. கயிறிழுப்பவன் வீட்டுச் சிறுவனாயின் அவனுக்குப் பள்ளி ஏது? பொறி திருந்துவது ஊதியத்தின் பொருட்டு மட்டுமன்று. இளையோரின் கல்வியின் பொருட்டுமாம் என்பதை ஆசிரியத் தொழில் செய்யும் யான் இவ்விடத்து வற்புறுத்திக் கூறுவேன்.

நம் திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும், கன்னட நாட்டில் சென்னபட்டணத்துப் பொம்மையும் கடைசலாற் புகழ்பெற்றவை. சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கோலை அழுத்திப் பிடிப்பர். உராய்வால் எழும் வெப்பம் அரக்கை உருக்கி மரத்தின்மேற் படியச் செய்யும். வேகம் குறையின் அரக்கு உருகாது. மிகின் திரிந்து கருகும். வேகத்தை அறிதலே இத்தொழிலின் உயிர் என்பது இதனால் விளங்கும்.

இனி மேனாட்டு வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். இத்தாலி நாட்டு லியனார்டோ டா வின்சி 1500ஐ ஒட்டிய காலத்தில், காலால் மிதிக்க ஒரே பக்கமாகச் சுழலும், கனத்த சக்கரத்தோடு கூடிய லேத்தை வரைந்து வைத்தார். இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பார் 1800ஐ ஒட்டி இரும்பாலாய திருகு வெட்டும் லேத்தைச் செப்பஞ் செய்தார். பின்னர் நீராவி யந்திரம் ஆலைகளுள் நுழைந்தது. கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டொன்றிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் ஓட்டின. தண்டின் வேகம் ஒன்றே. பொறிக்கு வேண்டிய வேகமோ பல. ஆகவே படிபோற் பெரிதும் சிறிதுமாக அமைந்த உருளைகளில் வாரை இடம் மாற்றி வேகத்தை மாற்றினர். இன்று நாம் ‘ஸ்டெப் புல்லி’ என்பது இதுவே.

மின்சார மோட்டார் வந்தபின்னும் வார் நீங்காமைக்குக் காரணம் யாது? நிக்கோலா டெஸ்லா 1888இல் உரிமை பெற்ற இண்டக்ஷன் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. நம் நாட்டில் அது வினாடிக்கு 50. நான்கு துருவ மோட்டாருக்கு 120ஐ 50ஆற் பெருக்கி 4ஆல் வகுக்க 1500 வரும். சிறிது பின்தங்கி நிமிடத்திற்கு 1440 சுற்று அளவில் ஓடும். அதை மாற்ற அக்காலத்து எளிய வழியில்லை. ஆகவே வார் நிலைத்தது.

தாம்பரத்தார் கண்முன்னே ஓடும் சான்று ஒன்று காட்டுவேன். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கிற்று. அது 1500 வோல்ட் நேர்மின்சாரத்தால் இயங்கிற்று. 1960களில் இத்தடம் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்திற்கு மாறியது. இக்காலத்துப் புதிய வண்டிகளிலோ மூன்று பேஸ் இண்டக்ஷன் மோட்டார்களே உள்ளன. அதிர்வெண்ணையே கூட்டியுங் குறைத்தும் வேகத்தை ஆள்கின்றனர். பெருவண்டியில் நிகழும் இதுவே சிறு பெட்டியாகிப் பட்டறைக்கு வந்துளது. ‘டிரைவ்’ என்றும் ‘வி.எஃப்.டி.’ என்றும் அதனை வழங்குவர். அது வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பின் வேண்டிய அதிர்வெண்ணில் மூன்று பேஸாக மாற்றித் தரும். சிறு மோட்டாராயின் வீட்டு ஒற்றைப் பேஸ் இணைப்பே போதும்.

இனி இரண்டையும் ஒப்புநோக்குவோம். பொருளின் குறுக்களவை அங்குலத்திற் கொண்டு, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் அமைதல் வேண்டும் என்பது கடைசற்காரர் பலர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி 3 அங்குலக் கட்டிற்காலுக்கு 2000 முதல் 3000 சுற்றும், 12 அங்குலக் கிண்ணத்திற்கு 500 முதல் 750 சுற்றும் வேண்டும். நாள் முழுதும் ஒரே அளவுக் கால் கடைவோர்க்கு வார் மாற்றும் வேலை அரிது; அவர்க்குப் பெல்ட் லேத்தே சாலும். கிண்ணம் கடைவோர்க்கோ, கோணல் மரம் உருண்டையாகும்வரை மெதுவாகவும், பின் படிப்படியாக விரைவாகவும் ஓடல் வேண்டும். லேத் அதிரும் வேகத்தைச் சற்றே விலக்கிச் செல்லவும் குமிழ் உதவும். இவர்க்கு மாறுவேகம் பெருந்துணை.

ஆயினும் விற்பவர் சொல்லாது விடும் நுட்பம் ஒன்றுண்டு. 1440 சுற்று மோட்டாரை வாரால் 720ஆகக் குறைத்தால், உராய்வால் இழப்பது போக, முறுக்கு விசை இருமடங்காகும். டிரைவால் 25 அதிர்வுக்கு இறக்கி 720 ஆக்கினால் முறுக்கு விசை கூடுவதில்லை. மோட்டாரின் ஆற்றலே பாதியாகும். பெரிய மரத்தில் ஆழ்ந்து வெட்டின் லேத் நின்றுவிடும். மோட்டாரின் விசிறியும் மெல்லச் சுழல்வதால் வெப்பம் மிகும். ஆதலின் நல்ல மாறுவேக லேத்துகளிலும் இரண்டு மூன்று படி உருளைகள் உள. வாரும் டிரைவும் பகையல்ல, துணையென்க.

பழைய லேத்தின் வார்ப்பிரும்பு உடலும் தாங்கியும் நன்றாயிருப்பின், அதனை விற்றுவிடாது, மூன்று பேஸ் மோட்டாரும் டிரைவும் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். உருளைகளைக் கழற்ற வேண்டா. செலவும் குறையும்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுட் புகுந்த வெள்ளத்தை யாரும் மறந்திலர். 2023 டிசம்பரிற் புயலால் மீண்டும் துன்புற்றோம். மூழ்கிய மோட்டாரை உலர்த்தியோ கம்பி மறுபடி சுற்றியோ மீட்கலாம். மூழ்கிய டிரைவைப் பெரும்பாலும் மாற்றவே நேரும். ஆகவே அதனை ஆளுயரத்திற்கு மேல் சுவரிற் பொருத்துக. மரத்தூள் புகாத மூடிய பெட்டியாக வாங்குக. மின்சாரத்தை நிறுத்தியபின்னும் அதனுள் மின்னேற்றம் சில நிமிடம் தங்கும். உடனே திறந்து கைவைத்தல் உயிருக்குக் கேடாம்.

கயிறு போய் மிதி வந்தது; மிதி போய் வார் வந்தது; வாரோடு இன்று டிரைவ் சேர்ந்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாதது உளியை ஏந்திய கையின் பழக்கமே. நம் இளைஞர் தாம் கடையும் பொருளை முதலிற் கணக்கிட்டு, அதற்கேற்ற பொறியைத் தெரிந்து, மூத்தோரிடம் கைப்பழக்கத்தையும் கேட்டறிந்து, கடனில் மூழ்காது தொழிலை வளர்ப்பாராக.