மண்ணில் துயிலும் நோய்



சேலத்திற்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி ஏரி, அந்நகரத்தாரின் குடிநீருக்காக 1911-இல் அமைக்கப்பட்டது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரியின் தரை வெடித்துக் கிடக்கும்; ஆடுமாடுகள் அங்கே மேயும். புல் குட்டையாக இருக்கும்போது கால்நடை புல்லை மட்டும் தின்பதில்லை. வேரையும் அதைப் பற்றிய மண்ணையும் சேர்த்தே தின்கிறது. அடைப்பான் நோயின் வரலாறு அந்த ஒரு வாய் மண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஏரியில் அந்நோய் உண்டு என்று நான் கூறவில்லை. இது மேய்ச்சல் நிலம் எதற்கும் பொருந்தும்.

ஆங்கிலத்தில் இதனை ‘ஆந்திராக்ஸ்’ என்பர். கரி என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மனிதர் தோலில் இந்நோய் உண்டாக்கும் புண் கரிபோல் கறுத்திருக்கும், வலியும் இராது. (தொண்டை அடைப்பான் என்பது வேறு கிருமியால் வரும் வேறு நோய், பெயர் ஒற்றுமையால் மயங்கலாகாது.) மாட்டுக்கு வந்தாலோ, காலையில் மேய்ந்தது மாலையில் இறந்து கிடக்கும். வயிறு உப்பியிருக்கும், மூக்கிலும் வாயிலும் உறையாத கருங்குருதி கசியும்.

பிரான்சு நாட்டு உழவர் சில நிலங்களைச் ‘சபிக்கப்பட்ட வயல்கள்’ என்று அஞ்சி ஒதுக்கினர். அங்கு மேய்ந்த ஆடுகள் ஆண்டுதோறும் மடிந்தன. இதன் மறையை 1876-இல் அவிழ்த்தவர் இராபர்ட் காக் என்னும் செர்மானிய நாட்டுப்புற மருத்துவர். நோய்க்கிருமி, காற்றுப் பட்டவுடன் ‘ஸ்போர்’ என்னும் நுண்வித்தாக மாறுவதை அவர் கண்டார். அந்த வித்து வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாது. மண்ணில் பல பத்தாண்டுகள் துயிலும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். இறந்த மாட்டை அறுக்காமல் விட்டால், உள்ளிருக்கும் கிருமிகள் உடல் அழுகும்போதே பெரும்பாலும் அழிந்துவிடும். கத்தி பட்டால் குருதி வெளிப்படும், காற்றுப் படும், வித்துகள் விளையும். அறுத்தவர் கையில் புண். உண்டவர் குடலில் நோய். அறுத்த இடத்து மண்ணில் அடுத்த தலைமுறை ஆடுமாடுகளுக்குரிய நஞ்சு.

நம் நாட்டில் அந்தக் கத்தியை யார் கையில் கொடுத்தோம்? செத்த மாட்டை அகற்றும் வேலையைச் சில சாதியார் தலையில் சுமத்தி, அந்த இறைச்சியையும் தோலையுமே கூலி என்றது சமூகம். ஆபத்தைப் பிறருக்கு ஒதுக்கிவிட்டுத் தூய்மை பேசிய இந்த ஏற்பாடு வெட்கத்திற்குரியது என்பேன். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர், செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு தம் மக்களை வேண்டினார். அவர் கூறிய காரணம் தன்மானம். மருத்துவ நூலும் அவர் பக்கமே நிற்கிறது.

பிற நாடுகளிலும் இந்நோய் உழைப்பவரையே தேடிச் சென்றது. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் ஆலைகளில் கம்பளி பிரித்தவர்கள் வித்துகளை மூச்சில் இழுத்து மாண்டனர். சிம்பாப்வேயில் உள்நாட்டுப் போரால் கால்நடை மருத்துவப் பணி சிதைந்தது. 1970-களின் இறுதியில் ஏறத்தாழ 10,000 மனிதருக்கு நோய் கண்டது. 2016-இல் சைபீரியாவின் யமால் பகுதியில் உறைநிலம் இளகியது. 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன, ஒரு சிறுவனும் இறந்தான். நம் சென்னையில், இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்து மான் ஒன்று 2022 மார்ச்சில் இந்நோயால் இறந்தது.

மருந்து உண்டு. காலத்தே கண்டால் பெனிசிலின் மனிதரைக் காக்கும். கால்நடைக்குத் தடுப்பூசி உண்டென்பதை 1881-இல் லூயி பாஸ்டர் ஊரறியச் செய்து காட்டினார். இப்போது பெரிதும் வழங்குவது 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டேர்ன் கண்ட வகை. நம் மாநிலத்தில் 1932-இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டை நிலையம் இத்தடுப்பு மருந்தைச் செய்து வந்துள்ளது. ஊசியின் பலன் ஏறத்தாழ ஓராண்டே. நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் போட வேண்டும்.

இறந்த உடலைப் புதைக்கும்போது சுண்ணாம்பு கொட்டுவது பழைய வழக்கம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு நூல் அதை வேண்டாம் என்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் வித்துகளுக்குத் துணையாகக் கூடுமாம். அறுக்காமல், முழுவதுமாக எரித்துவிடுவதே மேல்.