கழிவுப்பாகிலிருந்து பெட்ரோல் கலத்துக்கு: எத்தனாலின் இந்திய வரலாறு

வாகன எரிபொருளாக எத்தனால் இந்தியாவுக்குப் புதிதன்று. 1932ஆம் ஆண்டின் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும் ஆலைகள் பெருகின. சர்க்கரையோடு மொலாசஸ் எனும் கழிவுப்பாகும் பெருகிற்று. போதிய வாங்குவோரின்றித் தேங்கிய அப்பாகைச் சாராயமாக வடித்துப் பெட்ரோலில் கலக்கும் திட்டம் இச்சூழலில்தான் வலுப்பெற்றது. 1940இல் ஐக்கிய மாகாணமும் 1948இல் மைய அரசும் இதற்கெனச் சட்டம் இயற்றின. மையச் சட்டம் 2000இல் நீக்கப்பட்டது. எனினும், 2003இல் ஒன்பது மாநிலங்களில் 5 விழுக்காட்டுக் கலப்பு தொடங்கி, 2025இல் நாடெங்கும் 20 விழுக்காட்டை எட்டியது.

எத்தனாலின் நன்மைகள் மறுக்கத்தக்கவையல்ல. அதன் ஆக்டேன் எண் உயர்வு. எண்ணெய் இறக்குமதி குறைகிறது. ஆலைகளுக்குக் கரும்பு நிலுவையைத் தீர்க்க வருவாய் கிடைக்கிறது. குறைகளும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல், பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களைச் சிதைக்கக்கூடும்.

இவற்றைப் பொறியியல் பெருமளவு தீர்க்கலாம். தீராத சிக்கல் மூலப்பொருளில் உள்ளது. அன்று வடிக்கப்பட்டது கழிவு. இன்று கரும்புச்சாறும் அரிசியும் மக்காச்சோளமும் வடிக்கப்படுகின்றன. 2023இல் மழை பொய்த்துச் சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சம் எழுந்தபோது, சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசே கட்டுப்படுத்த நேர்ந்தது. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024இல் அதைப் பெருமளவில் இறக்குமதி செய்தது. எண்ணெய்க்காக அயல்நாட்டைச் சார்ந்திருப்பதைக் குறைக்கும் முயற்சி, நிலத்தடி நீரையும் தானியத்தையும் விலையாகக் கேட்கிறது. கலப்பு விழுக்காட்டை மேலும் உயர்த்துமுன் கணக்கிட வேண்டியது அந்த விலையைத்தான்.