முதல் கூடை மண்

நடுவர் அவர்களே! "பூமி பூஜைங்கிறது வெறும் சடங்கு, ஒரு போட்டோவோட முடிஞ்சு போச்சு" என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். முடிகிற இடத்தைப் பார்த்தவர், தொடங்கிய இடத்தைப் பார்க்கவில்லையே!

இன்றைய ஈராக்கில் அந்தக் காலத்தில் ஒரு நகரம் இருந்தது. அதன் பெயரே ஊர்! சுமார் 4100 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆண்டவன் ஊர்-நம்மு என்கிற மன்னன். அவன் கட்டிய கோயில்களின் அஸ்திவாரத்துக்குள் சின்னச் சின்ன உலோகச் சிலைகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் மன்னனின் உருவம்தான். கையிலே வாளா? இல்லீங்க. தலையிலே மண்கூடை! செங்கல் அறுக்க மண் சுமக்கிற கூலியாளாகத் தன்னைச் செய்து புதைத்திருக்கிறான். மண்ணுக்குள்ளே புதைத்த சிலையை எந்த ஜனம் பார்த்துக் கைதட்டும்? நண்பரே, இது போட்டோவுக்காகச் செய்ததா?

சரி, அது பழைய கதை என்பீர்கள். 1828 ஜூலை 4, அமெரிக்கா. போட்டோமாக் ஆற்றங்கரையில் செசபீக்-ஓஹையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டுகிறார் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ். மண்வெட்டி ஒரு வேரில் மாட்டிக்கொண்டது. மறுபடி வெட்டினார், அசையவில்லை. மனுஷன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓங்கி வெட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது! தன் பேச்சைவிட இதுதான் ஜனங்களைக் கவர்ந்தது என்று அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

"அந்தக் கால்வாய் என்னாச்சு?" என்று நண்பர் கேட்பார். சொல்றேன். ஓஹையோ ஆறு வரை அது போகவே இல்லை. 1850-ல் கம்பர்லாந்தோடு நின்றது. 1832-ல் வந்த காலராவில், மண் வெட்டிய தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். சடங்கு அவர்களைக் காப்பாற்றவில்லை, உண்மை. ஆனால் சடங்கு என்பது ஒரு வாக்கு. "உன் வேலை என் வேலை" என்று பெரியவர் சின்னவருக்குக் கொடுக்கிற வாக்கு. வாக்குத் தவறினால் குற்றம் வாக்கின் மேலா, தவறியவர் மேலா?

நம்ம வீட்டு மனை பூஜையில் கொத்தனாருக்கு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கிறோம். ரொம்ப சரி. ஆனா வீடு முடியுற வரைக்கும் மண்ணும் கல்லும் தலையிலே சுமக்கிற சித்தாள் அம்மா எங்கே நிற்கிறாங்க? பந்தலுக்கு வெளியே! அவங்களையும் முன்னால கூப்பிட்டுத் தாம்பூலத் தட்டைக் கையிலே கொடுங்க. 4100 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ராஜா அவங்க கூடையைத் தன் தலையிலே ஏற்றிக்கிட்டான். நாம தட்டைக்கூட நீட்டக் கூடாதா?